பழைய டிராக்டரும் புதிய டயரும்

நம் சங்கத்தின் கொட்டகையில் நெடுநாளாக நிற்கும் மாஸி பெர்குசன் 35 டிராக்டரைச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்வதென நிர்வாகக் குழு தீர்மானித்திருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாயிற்று. அதைப் பற்றி அபிப்பிராய பேதம் ஒன்றும் எழவில்லை. தகராறெல்லாம் டயரைப் பற்றித்தான். வண்டி தொழிற்சாலையை விட்டு எந்தக் கோலத்தில் வந்ததோ அந்தக் கோலத்திலேயே இருக்கவேண்டும், வெளிநாட்டிலிருந்தாவது பழைய வார்ப்பு டயரைத் தருவிக்கவேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. செலவழிப்பதுதான் செலவழிக்கிறோம், சற்றுப் பெரிய டயராகப் போட்டால் கம்பீரமும் இழுவையும் கூடும் என்பது இன்னொரு சாரார் கட்சி. மூன்றாவது சாரார் சிக்கனவாதிகள். பழைய டயருக்கே ரப்பர் ஏற்றிவிடலாம், முடியாவிட்டால் எவர் குறைந்த விலைப்புள்ளி தருகிறாரோ அவரிடம் வாங்கிவிடலாம் என்கிறார்கள். வரும் பொதுக்குழுவில் இந்த மூன்றில் ஒன்று தீர்மானமாகக்கூடும். மூன்றும் எனக்கு உடன்பாடில்லாதவை ஆகையால், கூட்டத்துக்கு முன்பே என் கருத்தை இப்பத்திரிகையின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்வது முறையெனக் கருதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தின் பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சிறிய சாம்பல்நிற பெர்குசன் டிராக்டர்கள் தயாராயின. அந்த வண்டியின் வாரிசாக 1956இல் வந்ததே 35 என்னும் மாதிரி. இதற்கு முன்பே, 1953இல், பெர்குசன் கம்பெனியும் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. 1957இன் இறுதியில் வண்டிக்குச் சிவப்பு வர்ணமும் மாஸி பெர்குசன் என்னும் பெயரும் ஏற்பட்டன. சென்னையில் 1960இல் டாஃபே கம்பெனி தொடங்கப்பட்டு, அந்தக் கம்பெனியாரோடு கூட்டாக இந்த வர்க்கத்து வண்டிகளை நம் நாட்டிலேயே செய்யத் தலைப்பட்டது. எருதுகள் பூட்டிய ஏரையே கண்டிருந்த கிராமங்கள் பலவற்றில் யந்திர உழவு என்பதை முதன்முதலில் காட்டியவை இவை. ஆகவே வண்டியை அதன் உருவத்திலேயே காக்கவேண்டும் என்போரின் பற்றுதலை நான் குறைவாக மதிப்பவனல்லன்.

ஆயினும் டயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் விடை கூறவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. செப்பனிட்ட பின் இந்த வண்டி என்ன செய்யப்போகிறது? சங்க வாயிலில் மேடை கட்டி நிறுத்தப்போகிறோமா, அன்றி அங்கத்தினர் வயலில் உழவும் அறுவடை மூட்டைகளை இழுக்கவும் விடப்போகிறோமா? நிறுத்தி வைப்பதானால் ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. அச்சின் கீழ் கல்மேடை எழுப்பி, வெடித்த பழைய டயரையே கறுப்புப் பூசித் தொங்கவிட்டால் போதும். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் "ஓடச் செய்வது" என்று இருக்கிறது. ஓடும் வண்டி என்றால் அதன் பாரம் முழுவதும், ஓட்டுகிறவரின் உயிரும்கூட, நான்கு டயர்களின்மேல் இருக்கின்றன. டயரை வேலையைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும், அழகைக் கொண்டன்று என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நிற்க. "டிராக்டர் விவசாயிகளின் காரியம். எங்கள் பங்குப் பணத்தை அதன் டயரில் போடுவானேன்?" என்று நெசவாள அங்கத்தினர் சிலர் கேட்பது என் செவிக்கும் எட்டியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறேன். டயர் என்பது ரப்பர் பூசிய துணி. காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் சுமையையும் தாங்குவது துணியே. ரப்பர் அந்தத் துணியை ஈரத்திலிருந்தும் உராய்விலிருந்தும் காப்பதோடு, மண்ணைப் பற்றும் வேலையையும் செய்கிறது.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த வளையத்தைச் செய்தபோது, ரப்பர்க் குழாயின்மேல் துணியைத்தான் சுற்றினார். அதன் பிறகு வந்த டயர்களில் கித்தான் போன்ற சாதாரண நெசவுத் துணி இருந்தது. சாதாரண நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் மாறிமாறி மேலும் கீழுமாகச் செல்வதைத் தறிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி எழும்போது, அந்த நூல்கள் சந்திக்கும் இடந்தோறும் ஒன்றையொன்று அறுத்தன. அதனால் சூடும் பிறந்தது. டயர்கள் சீக்கிரத்தில் உள்ளுக்குள்ளேயே அற்றுப்போயின. இந்தக் குறையை நீக்கியது ஒரு நெசவு யுக்திதான். 1890களில் பால்மர் என்னும் அமெரிக்கர், பாவை மட்டும் பலமான முறுக்குப் புரியாக வைத்து, ஊடையை ஏறத்தாழ இல்லாமற் செய்துவிட்டார். இன்றுவரை டயர்த் துணி அவ்விதமே நெய்யப்படுகிறது. பாவு நெருக்கமாகவும் பருமனாகவும் இருக்கும். ஊடையோ புரிகள் கலைந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக, விரற்கடைக்கு ஒன்றாக ஓடும் மெல்லிய நூல். இத்தகைய துணியை ஓர் அடுக்கு இப்புறம் சாய்த்தும் அடுத்த அடுக்கு அப்புறம் சாய்த்தும் மாற்றிமாற்றி வைத்து, ரப்பரோடு சேர்த்து வேகவைப்பதே நமக்குப் பழக்கமான குறுக்கடுக்கு டயர்.

பருத்தி பயிரிடுவோருக்கும் இதில் சம்பந்தமுண்டு. தொடக்கத்தில் அந்தப் புரிகள் முழுவதும் பருத்தி. அதிலும் நீள் இழைப் பருத்தியே வேண்டியிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அது கிடைப்பது அரிதானபோது, குட்இயர் கம்பெனியார் அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் நிலம் வாங்கித் தாங்களே பருத்தி பயிரிட்டார்கள். அங்கே தோன்றிய ஊர் இன்றும் அக்கம்பெனியின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் பருத்தியின் இடத்துக்கு ரேயான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான டயர்களில் புகுந்த நைலான், பிறகு ரேயானின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. நம் ராஜ்யத்திலும் சென்னையை அடுத்த மணலியில் 1970களில் நைலான் டயர் நூல் ஆலை தொடங்கப்பட்டது. டயரில் 6 ப்ளை, 8 ப்ளை, 12 ப்ளை என்று எழுதியிருப்பது ஒரு காலத்தில் பருத்தித் துணி அடுக்குகளின் உண்மையான எண்ணிக்கையாக இருந்தது. இப்போது அது வலுவின் அளவை மட்டும் குறிக்கிறது. நைலான் அடுக்குகள் அந்த எண்ணிக்கையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வது ஒரு காரணத்துக்காகத்தான். பழைய டயருக்கே ரப்பர் ஏற்றலாம் என்னும் யோசனை, துணியை மறந்துவிட்ட யோசனை. ரப்பர் ஏற்றுவது இழிவான காரியம் என்று நான் கூறவில்லை. மேல் ரப்பர் மட்டும் தேய்ந்து, உள்ளே துணி பழுதின்றி இருக்கும் இளைய டயருக்கு அது நல்ல சிக்கனம். லாரிக்காரர்கள் தினந்தோறும் செய்கிறார்கள். நம் வண்டியின் பின் டயர்களோ பல ஆண்டுகள் ஒரே இடத்தில், காற்றிறங்கி, வண்டியின் பாரத்தால் மடிந்து நின்றவை. பக்கச் சுவரில் விரல்நுனி நுழையும் வெடிப்புகள் இருக்கின்றன. ஓரிடத்தில் துணியே தெரிகிறது. ஈரம் புகுந்து நைந்த துணியின்மேல் எத்தனை அங்குலம் புது ரப்பர் ஏற்றினாலும், பாரம் இழுக்கும்போது பக்கச் சுவர் கிழியும். இற்றுப்போன வேட்டிக்குச் சரிகைக் கரை தைப்பார் உண்டோ?

இனி அளவைப் பற்றிப் பார்ப்போம். பொதுக்குழுவில் யாரும் இதைப் பேசவில்லை. பணம் வீணாவதற்கு அதிக இடமிருப்பதோ இதில்தான். நம் வண்டியின் பின் டயரில் 11-28 என்று வார்க்கப்பட்டிருக்கிறது. 28 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கு. 11 என்பது பழைய முறைப்படி டயரின் அகல எண். பிற்காலத்தில் ரிம்கள் அகலமாகச் செய்யப்பட்டு, டயரின் உண்மையான அகலத்தையே எழுதும் முறை வந்தபோது, அதே டயர் 12.4-28 என்று பெயர் பெற்றது. அவ்வாறே பழைய 10-28 என்பது 11.2-28 ஆயிற்று, 12-28 என்பது 13.6-28 ஆயிற்று. இதில் கண்ணி எங்கே இருக்கிறது என்பதை அன்பர்கள் கவனிக்கவேண்டும். கடையில் போய் "11-28 வேண்டும்" என்று கேட்டால், பழைய கணக்கு அறியாத இளைஞர் 11.2-28 டயரை எடுத்து வைப்பார். எண்ணும் பொருந்துவதுபோல் தோன்றும், ரிம்மிலும் அது ஏறிவிடும், பில்லும் போட்டாகிவிடும். ஆனால் அது ஓர் அளவு சிறிய டயர். உயரத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் குறையும், தாங்கும் சுமையும் குறையும். ஒரு டயர் மட்டும் மாற்றப்பட்டு மற்றது பழையதாகவே இருந்தால் கேடு இன்னும் அதிகம். இரு பின்சக்கரங்களும் சம உயரமில்லாதபோது வண்டி ஒருபுறமாக இழுக்கும். வளைவில் மட்டும் வேலை செய்யவேண்டிய டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் சுழன்று தேயும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் 12.4-28 என்றே எழுதவேண்டும். அதனருகில் பழைய எண்ணையும் குறித்துவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

பெரிய டயர் கேட்போருக்கும் பதில் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. 13.6-28 போட்டால் உயரம் ஏறத்தாழ 2 அங்குலம் கூடும். ஒவ்வொரு கியரிலும் வண்டி முன்னைவிட வேகமாகப் போகும். வேகம் கூடும் அளவுக்கு இழுவை குறையும். இழுவைக்காகப் பெரிய டயர் போடுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. பிரேக்குக்கும் வேலை அதிகமாகிறது. ஒடுங்கிய பழைய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் அதன் ஓரங்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். மண்ணைத் தொடுவது நடு ரப்பர் மட்டுமே, தேய்வதும் அதுவே. மட்கார்டில் உரசுமா என்பது வேறு கேள்வி. ரிம்மின் அகலம் அதன்மேல் டபிள்யூ 10, டபிள்யூ 11 என்பதுபோல் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு அதைப் படித்த பிறகே எந்தப் பேச்சையும் தொடங்கவேண்டும்.

இனி வார்ப்பு. டிராக்டர்கள் முதலில் இரும்புச் சக்கரத்தோடுதான் வந்தன. சக்கரத்தைச் சுற்றிலும் இரும்புப் பற்கள் இருக்கும். சாலையில் ஓட்ட முடியாது, ஓட்டுகிறவர் உடம்பும் தாங்காது. 1932இல் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் தங்கள் டிராக்டருக்கு பயர்ஸ்டோன் காற்று டயர்களைப் பொருத்தினார்கள். மண்ணில் ரப்பர் வழுக்கிவிடும் என்று குடியானவர்கள் நம்ப மறுத்தபோது, மறு வருஷமே பந்தயக்காரர் ஒருவரைக் கொண்டு அந்த டிராக்டரை மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டி விளம்பரம் செய்தார்கள். உழவுக்கு அவ்வேகம் எதற்கென்று கேட்பீர்களாயின், விளம்பரத்துக்கு என்பதைத் தவிர வேறு விடையில்லை. ரப்பரின் சிக்கனம் மட்டும் உண்மையாக இருந்தது. உலகப் போரில் மலேயாவின் ரப்பர் ஜப்பான் வசமானபோது சில ஆண்டுகள் இரும்புச் சக்கரம் திரும்பி வந்தது. பிறகு போயே போய்விட்டது.

அந்நாளைய டயர்களில், மண்ணைப் பற்றும் ரப்பர் மேடுகள் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் வார்க்கப்பட்டிருந்தன. பிற்காலத்து டயர்கள் சிலவற்றில் சாய்வு வேறாகவும் மேடுகள் நீண்டும் இருக்கும். பழைய கோலத்தை விரும்புவோர் அயல்நாடுகளில் 45 பாகை வார்ப்பைத் தேடி வாங்குகிறார்கள். நமக்கு அத்தேடல் வேண்டாம் என்பது என் கருத்து. 12.4-28 நம் நாட்டில் அபூர்வப் பொருளன்று. மாஸி 1035 வரிசை வண்டிகளுக்கு அதுவே பின் டயர் ஆகையால், எல்லா முக்கியமான இந்தியத் தொழிற்சாலைகளும் அதை வார்க்கின்றன. இந்தியாவில் வார்த்த டிராக்டர் டயர்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிக்கொண்டிருக்கும் காலத்தில், அங்கிருந்து இரண்டு டயர்களைத் தருவித்து, கப்பல் கூலியும் சுங்கமும் கட்டுவது நம் சங்கத்துக்கு எவ்விதத்தில் அழகு? ரப்பர் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வடிந்த பாலாக இருக்கலாம், துணி நம் ஆலையில் முறுக்கிய நூலாக இருக்கலாம். பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் சாய்வின் வித்தியாசம் தோன்றவும் தோன்றாது.

மேடுகளின் ஆழத்தில் கவனம் வேண்டும். சாதாரண உழவுக்கும் சாலைக்கும் ஏற்றது ஆர்-1 என்னும் வகை. நெல், கரும்பு வயல்களின் சேற்றுக்கென ஆர்-2 என்னும் வகை உண்டு. அதன் மேடுகள் ஏறக்குறைய இருமடங்கு ஆழமுடையவை. நம்மில் நன்செய்க்காரர் ஆர்-2 கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் இவ்வண்டி வருஷத்தில் சில வாரங்களே சேற்றில் இறங்கும். மற்ற நாட்களில் புன்செய் உழவும் டிரெய்லர் இழுப்பும்தான். தார்ச்சாலையில் ஆர்-2 அதிர்ந்து அதிர்ந்து ஓடும், விரைவில் தேயும். சேற்று உழவு வரும்போது கேஜ் வீல் மாட்டிக்கொள்வதே நம் பக்கத்து வழக்கம். ஆகவே ஆர்-1 போதும். சாலையில் பாரம் இழுக்கவேண்டியிருப்பதால் 12 ப்ளை வலு வாங்குவது நலம். வெறும் உழவுக்கானால் 8 ப்ளை போதுமென்றிருப்பேன்.

ரேடியல் டயர் என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. அதில் துணிப் புரிகள் சாய்வாக இல்லாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர்குறுக்காகச் செல்லும். பக்கச் சுவர் மிருதுவாக இருப்பதால் மண்ணில் அகலமாகப் படியும், மண்ணை இறுக்குவதும் குறைவு. நெடுநேரம் உழும் பெரிய வண்டிகளுக்கு நல்லதே. நம்முடைய சிறிய பழைய வண்டிக்கு அந்த அதிக விலையால் வரும் லாபம் சொற்பம். ஒரே அச்சில் ஒருபுறம் ரேடியலும் மறுபுறம் குறுக்கடுக்கும் மட்டும் எக்காலத்திலும் கூடாது.

முன் டயர் 6.00-16. மூன்று வரி எழும்பிய எஃப்-2 வார்ப்பு, திருப்பும்போது பக்கவாட்டில் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கும். இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

ரிம்மைப் பற்றி மட்டும் அங்கத்தினர்களின் பொறுமையைச் சற்று அதிகமாகக் கோருகிறேன். புது டயர் வாங்கிப் பழைய துரு ரிம்மில் ஏற்றுவதைப்போல் வீண்செலவு வேறில்லை. டயரின் ஓரம் உட்காரும் விளிம்பும் வால்வு துவாரமும் முதலில் துருவேறும் இடங்கள். பழைய நாட்களில் இழுவைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்புவார்கள். முக்கால் பங்கு நிரப்பினால் இந்த அளவு டயரில் ஏறத்தாழ 150 லிட்டர் பிடிக்கும். அதாவது சக்கரம் ஒன்றுக்கு 150 கிலோ பாரம் கூடுகிறது. குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பார்கள். அது கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். நம் ஊரில் உப்புக் கலக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் பழைய டியூபில் கசிந்த கிணற்றுத் தண்ணீரும் வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கும். டயரைக் கழற்றியவுடன் ரிம்மைக் கம்பித் தூரிகையால் துலக்கி, சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். மெல்லிய இடம் மந்தமாக ஒலிக்கும். விளிம்பு தேய்ந்திருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்று ரிம் வாங்குவதே சரி. வால்வு துவாரம் மட்டும் அரித்திருந்தால் நல்ல வெல்டரிடம் கொடுத்து அடைக்கலாம். டயர் ரிம்மில் இருக்கும்போது, காற்றில்லாவிட்டாலும், வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே எழும் வாயு வெடித்து ஆளைக் கொன்றுவிடும்.

புது டயரை ஏற்றும்போதும் அபாயம் உண்டு. ஓரம் சரியாக உட்காராவிட்டால், "இன்னும் கொஞ்சம் காற்று வை, உட்கார்ந்துவிடும்" என்று சொல்லும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டுக்கு மேல் ஏற்றி ஓரத்தை உட்காரவைக்க முயலக்கூடாது என்பது டயர் செய்வோர் விதித்திருக்கும் எல்லை. அந்த அளவிலும் உட்காராவிடில் காற்றை முழுவதும் இறக்கி, ஓரங்களுக்குச் சோப்பு நீர் தடவி, மறுபடி தொடங்கவேண்டும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ரப்பர் கெட்டுப்போகும். பட்டறையில் காற்றடிக்கும் பையனும் ஓர் அங்கத்தினரின் பிள்ளையாகவே இருப்பான் என்பதை மறக்கலாகாது. ஏற்றும் திசையையும் பார்க்கவேண்டும். ரப்பர் மேடுகள் கூடும் முனை முதலில் மண்ணைத் தொடும்படி சக்கரம் சுழலவேண்டும். அப்போது சேறு இருபக்கமும் தள்ளப்பட்டு உதிரும். மாற்றி ஏற்றினால் மண் அப்பிக்கொண்டு சக்கரம் வெறுமனே சுற்றும். பக்கச் சுவரில் அம்புக்குறியே இருக்கிறது. இருந்தும் இத்தவறு அடிக்கடி நேர்கிறது.

இனி விலைப்புள்ளி விவகாரம். எவர் குறைவாகக் கேட்கிறாரோ அவரிடம் வாங்குவது சங்கப் பணத்துக்குப் பாதுகாப்பு என்று நாம் பழகிவிட்டோம். ஒரே சரக்கை நால்வர் விற்கும்போது அது நியாயமே. சரக்கு இன்னதென்று நாம் எழுதாதபோதோ, அந்த வழக்கத்தால் சரக்கின் தரத்தை விற்பவரே தீர்மானிக்கும்படி ஆகிறது. "டிராக்டர் டயர் 2" என்று கேட்டால், கிட்டங்கியில் ஐந்தாறு வருஷம் கிடந்த டயரே மிகக் குறைந்த விலைக்கு வரும். டயரின் பக்கச் சுவரில் அது பிறந்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கிறது. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்தது என்று பொருள். ரப்பர் நிழலில் கிடந்தாலும் முதுமையடையும். ஆகவே நம் கடிதத்தில் அளவு, ஆர்-1 வார்ப்பு, குறுக்கடுக்கு, ப்ளை வலு, ஒரே கம்பெனியின் ஒரே வார்ப்பில் இரண்டு டயர், வார்த்து ஓராண்டுக்குள், புதிய டியூப் சேர்த்து என இத்தனையும் எழுதப்படவேண்டும். அதன் பிறகு குறைந்த விலையைத் தேடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. டியூபைப் பழையதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்கவேண்டாம். பழைய டியூப் நீண்டு மடிப்பு விழுந்திருக்கும், அந்த மடிப்பிலேயே கிழியும். டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதைக் காரியதரிசி பில்லில் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

வாங்கிய பிறகு காப்பதும் சங்கத்தின் பொறுப்பு. வயலில் பின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 16 பவுண்டு வரை காற்றுப் போதும். சாலையில் பாரம் இழுக்கையில் டயர் செய்தவர் அட்டவணைப்படி சற்றுக் கூட்டவேண்டும். வேலையில்லாத மாதங்களில் அச்சுக்கு ஜாக்கி கொடுத்துக் கட்டைமேல் ஏற்றி, வெயில் படாத இடத்தில் நிறுத்தவேண்டும். நம் கொட்டகையில் வெல்டிங் யந்திரமும் டிராக்டரும் அருகருகே இருக்கின்றன. வெல்டிங்கின் மின்பொறியில் எழும் ஓசோன் வாயு ரப்பரை வெடிக்கச் செய்யும். இரண்டில் ஒன்றை இடம் மாற்றியாக வேண்டும்.

பொதுக்குழுவில் நான் கொண்டுவர உத்தேசித்துள்ள திருத்தம் வருமாறு: ரிம்களைத் துலக்கிச் சோதித்து, அறிக்கை வந்த பிறகே டயருக்கு விலைப்புள்ளி கேட்பது. மேற்கூறிய விவரங்களோடு பின்னுக்கு 12.4-28, முன்னுக்கு 6.00-16 ஆகியவற்றை ஜோடியாக வாங்குவது. ஏற்றும் நாளில் நிர்வாகக் குழுவினர் ஒருவர் பட்டறையில் உடனிருப்பது. கழற்றிய பழைய டயரைக் காயலான் கடைக்குப் போடுமுன் அதிலிருந்து ஒரு சாண் துண்டை வெட்டி, அடுக்குத் துணி தெரியும்படி சங்க அலுவலகத்தில் வைக்கவேண்டும் என்று நெசவாள அங்கத்தினர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதையும் திருத்தத்தோடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.